பன்னிரண்டரை மணி ஊசி

— இல்ல பாப்பா, "மறந்துட்டேன்"னு போடாத. "தவறிவிட்டேன்"னு போடு. ஆபீஸ் லெட்டர் அப்படித்தான் இருக்கணும்.

— அண்ணி, இதை இன்னிக்கே குடுத்தாகணுமா?

— நாலு மணிக்குள்ள மேட்ரன் மேஜையில இருக்கணுமாம். இப்பவே மூணு. நான் எழுதி ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டாச்சு, அதான் உன்னை எழுதச் சொல்றேன். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்து. நாத்தனாரும் அண்ணியும் என்ன குசுகுசுன்னு பேசறாங்கன்னு வார்டே காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது.

— சாத்திட்டேன்.

— எங்க விட்டோம்? படி.

— "பதினொன்றாம் படுக்கை நோயாளிக்குப் பகல் பன்னிரண்டரை மணிக்கு இன்சுலின் ஊசி போட்டேன். அதைக் கணினியில் பதிவு செய்ய..."

— "தவறிவிட்டேன்." எழுது. ஏன் பேனாவை வெச்சுட்ட?

— பதிவு பண்ணினேன்னுதானே அண்ணி முதல் நாள் எல்லார்கிட்டயும் சொன்னீங்க?

— சொன்னேன். பண்ணினதாத்தான் நெனச்சேன். என் பேரைப் போட்டு உள்ள போனேன், பதினொண்ணாம் பெட்டைத் தொட்டேன், எட்டு யூனிட், கொடுத்தாச்சு. சிவப்பா இருந்தது பச்சையாச்சு. இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா மேட்ரன் அந்தப் பிரிண்டை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்களே, அதுல என் வரியே இல்ல. ரெண்டேகாலுக்கு அடுத்த ஷிஃப்ட் பொண்ணு போட்டது மட்டும்தான் இருக்கு. அப்ப நான் என்ன, கனவா கண்டேன்? வயசாச்சு பாப்பா. எதையோ தொட்டு எதையோ விட்டிருப்பேன்.

— வயசெல்லாம் ஒண்ணும் ஆகல.

— என்னமோ போ. இருபத்தாறு வருஷம் நோட்டுல எழுதினேன். ஒரு டோஸ் விட்டதில்ல.

— நோட்டு என்ன பெரிய நோட்டு. டாக்டர் கிறுக்கினதைப் படிக்க மூணு பேர் தலையை முட்டிக்கிட்டு நிப்போம். ஷிஃப்ட் முடிஞ்சும் ஒன்றரை மணி நேரம் உக்காந்து சார்ட்டு காப்பி எடுப்பீங்க. இந்தக் கம்ப்யூட்டர் வந்தப்புறம்தான் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போறீங்க.

— நான் அதைக் குறை சொல்லவே இல்லையே. நாலாம் பெட்டு அம்மாவுக்கு ஒத்துக்காத மருந்தை எழுதினப்ப மணியடிச்சு நிறுத்துச்சே, அன்னிக்கே எனக்கு அது மேல மரியாதை வந்துடுச்சு. மூணு மாசமா வீட்டுல பழகவும் செஞ்சேன், தெரியுமா?

— பழகினீங்களா? எதுல?

— உங்க அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய கீபோர்டு கொண்டு வந்தாரு. ஒயர் அறுந்தது. அடுப்பு மேடையில வெச்சுக்கிட்டு, மூணு விசில் வர்றதுக்குள்ள பத்து மருந்துப் பேரு தட்டிப் பாப்பேன். "கச்சேரி ஆரம்பிச்சாச்சா"ன்னு உங்க அண்ணன் கிண்டல் பண்ணுவாரு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

— உன்கிட்ட எப்படிச் சொல்றது? வார்டுக்கே நீதான் கம்ப்யூட்டர் சிஸ்டர். நான் பக்கத்துல வந்தாலே "விடுங்க அண்ணி, நான் போடறேன்"னு மௌஸைப் பிடுங்கிக்குவ. ஏழாம் பெட்டு மாத்திரையைப் பதினேழுல ஏத்திட்டேன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சியே...

— ஐயோ அண்ணி, அது விளையாட்டுக்கு.

— தெரியும். நானும்தான் கூடச் சிரிச்சேன். பஸ்ஸுல போகும்போதுதான் அழுகை வந்துச்சு. ஒரு நாளாவது யாரையும் கூப்பிடாம நானே போடணும், போட்டுட்டு உன்னை இழுத்துட்டு வந்து காட்டணும்னு அப்பவே முடிவு பண்ணினேன். பதினொண்ணாம் பெட்டு தையல்காரருக்குப் போட்ட ஊசிதான் முதல் தடவை.

— அப்ப ஏன் என்னை வந்து கூப்பிடல?

— எல்லாருக்கும் சாப்பாடு குடுத்து முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள ஆக்ஸிடென்ட் கேஸ் வந்துச்சு, நீ கீழ ஓடிட்ட. ஷிஃப்ட் மாத்தும்போது அந்தப் பொண்ணுகிட்ட வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் பாப்பா. எப்பவும் சொல்றவதானே நான். அன்னிக்குத்தான், கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு நிம்மதியா கையைக் கழுவிட்டுக் கெளம்பினேன்.

— இன்னிக்கு அவரைப் பாத்தீங்களா?

— காலைல போனேன். கண்ணு தொறந்திருக்கு. "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்"னு பொண்டாட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவர் சுவரைப் பாக்கறாரு. ரெண்டு தடவை இன்சுலின் ஏறினதுல சர்க்கரை ரொம்ப நேரம் கீழ கெடந்துடுச்சாம், இனிமே பழையபடி வர்றது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊசி போடும்போது என் யூனிஃபார்ம் ஓரம் பிரிஞ்சிருக்கறதைப் பாத்துட்டு, "கடைக்குக் கொண்டு வாம்மா, ரெண்டு நிமிஷ வேலை"ன்னாரு. நல்லாப் பேசின மனுஷன்.

— அந்தப் பொண்ணு என்ன சொல்றா?

— அவ பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கா. "ஒரு ஊசி போட்டாச்சேம்மா"ன்னு அவர் சொன்னாராம். இவ ஸ்கிரீனைக் காட்டி, "இல்லீங்கய்யா, இன்னும் போடலைன்னு காட்டுது"ன்னாளாம். சரின்னு அவரே சட்டைக் கையை மடிச்சு விட்டாராம். சாப்பாட்டையும் பாதியில தள்ளி வெச்சிருக்காரு, அது வேற.

— பெரிய சிஸ்டர், உள்ள இருக்கீங்களா? லெட்டர் ஆச்சான்னு மேட்ரன் கேக்கறாங்க.

— பத்து நிமிஷம்னு சொல்லுங்க ஆயா, நானே கொண்டு வர்றேன். எழுது பாப்பா, ஆள் அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. "இதற்கு நானே முழுப் பொறுப்பு." கீழ என் பேரு, தேதி. கையெழுத்து மட்டும் நான் போட்டுடறேன்.

— வேலை போயிடும் அண்ணி.

— போகட்டும். அவர் பொண்டாட்டி முகத்தைத் தினம் பாக்கறதுக்கு இது மேல். ஒரே ஒரு சங்கடம்தான். என் வயசு நர்ஸுங்க இன்னும் ஒம்பது பேர் இருக்காங்க. இனிமே எவளாவது தைரியமா போய் உக்காந்து தானா ஒரு ஊசியைப் பதிவு பண்ணுவாளா? "அவங்க கதையைப் பாத்தியா"ன்னு பயந்து ஒதுங்கிப்பாங்க. எழுதேன் பாப்பா.

— என்னால முடியல.

— ஏய், என்ன இது? கண்ணைத் துடை. பேப்பர் நனையுது பாரு. நீ எதுக்கு அழற? தப்பு பண்ணினது நான்.

— அண்ணி, அந்தப் பிரிண்டுல கடைசியா மிச்சம் இருந்ததுதான் வரும். நடுவுல யாரு எதை மாத்தினாங்கங்கறது வேற பக்கத்துல இருக்கு. அதை யாரும் கேக்கல. நாலு நாளா நானும் வாயைத் தொறக்கல.

— அதுல என்ன இருக்கு?

— பன்னிரண்டு முப்பத்தி நாலு. உங்க பேரு. எட்டு யூனிட், கொடுத்தாச்சு. ஒரு எழுத்து தப்பில்ல அண்ணி.

— தப்பில்லையா? அப்ப எங்க போச்சு?

— கொஞ்ச நேரம் கழிச்சு, கீழ ஓடறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். உங்க பேரு இருக்கவும், மறுபடி பெட்டு மாத்தி ஏத்திட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க பத்தடி தள்ளித்தான் நின்னீங்க. ஒரு வார்த்தை கேக்காம, நான்தான் அதை அழிச்சேன்.