அத்தான் பேசிய பேரம்

தாழ்ப்பாளும் கீலும் விற்பது லேசு. சாமர்த்தியமெல்லாம் வாங்குவதில்தான் இருக்கிறது. எங்கள் கடையில் விற்பது நான், சரக்கு வாங்குவது என் அக்கா வீட்டுக்காரர். அத்தான் வாயாடி. பட்டறைக்காரரின் பேரன் பேத்தி வரை விசாரித்து, வயிறு வலிக்கச் சிரிக்க வைத்து, கடைசியில் அவர் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு வருவார்.

ஒருநாள் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கதவைப் பிடிக்குமே, அது" என்றார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வாரம் பட்டறைக்காரர் விலை சொன்னபோது அத்தானுக்கு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரருக்கு வியர்த்தது. தானாகவே விலையைக் குறைத்தார். அத்தான் இன்னும் பார்த்தார். இன்னும் குறைத்தார்.

இப்படி ஒரு வியாபாரியை என் ஆயுளில் கண்டதில்லை.

அக்காவுக்குத்தான் பயம். "சோறு வேணும்னு கேக்கத் தெரியலடா, தட்டைத் தட்டிக் காட்டுறார். டாக்டர்கிட்ட போலாம்" என்றாள். கடைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. சரி, நானே கூட்டிப்போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன். "அத்தான் எப்பவுமே கம்மியாத்தான் பேசுவார்" என்றேன். அத்தான் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் நம்பவில்லை போலும். உடனே மூளையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். அக்காவிடம் அதைச் சத்து மாத்திரைச் சீட்டு என்றேன். மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். விலை கூடுதல்தான், பேரம்கூடப் பேசவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். இன்னும் மூன்று பட்டறைகளில் வருடச் சரக்கு பேசி முடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவதற்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போனேன். மூன்றாவதில் நாற்காலியிலிருந்து சரிந்தார். அதற்குள் விலை படிந்துவிட்டது.

மூளையில் வீக்கம் என்றார்கள். "பேச்சு தடுமாறின முதல் வாரமே வந்திருந்தா மருந்துலயே திரும்பியிருப்பார். இது நாள் கணக்குல முத்துற நோய்" என்றார் பெரிய டாக்டர். நான் அழுதேன், நிஜமாகவே. ஒன்பதாம் நாள் அத்தான் போய்விட்டார்.

ஆமாம், சீட்டை மறைத்தது நான்தான். ஆனால் அக்காவிடம்தான் மறைத்தேன், அத்தானிடம் இல்லை. அன்று டாக்டர் வீட்டு வாசலிலேயே சீட்டை அவர் கண்ணெதிரே பிடித்து, "மூணு பட்டறையும் முடியட்டும் அத்தான், அப்புறம் எடுத்துக்கலாமா?" என்று முறையாகக் கேட்டேன். முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.