எழுதாத மரணச் செய்தி

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் போனை வைத்ததும், பஸ் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்.

"செத்துப்போன ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிக்கிறாங்களாம்."

"யாருக்கா அவங்க?"

"என் தங்கச்சி செல்வி, பனிமலை ஏறுறவங்களப் பத்தி எழுத நேபாளம் போனாள்ல? அந்தக் கூட்டத்துல ரெண்டு பேர் மலை உச்சிக்கிட்ட காணாமப் போயிட்டாங்க. மத்த பத்திரிகைக்காரங்க எல்லாம் செத்துட்டாங்கன்னு எழுதிட்டாங்க."

"செல்வியுமா?"

"அவ எழுதல. கொழும்பு ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி ஏசியிருக்காங்க. கண்ணால பாக்காம எழுத மாட்டேன்னுட்டா. வேலை போயிரும்னு நான்தான் அழுதேன்."

"பொறகு?"

"இன்னைக்குக் காலையில மலையில ரெண்டு கறுப்புப் புள்ளி அசைஞ்சிருக்கு. கூட இருந்தவங்க கல்லுன்னாங்களாம். இவ சுடுதண்ணி போத்தலத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கா."

பஸ் வளைவில் சாய்ந்தது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

"அவங்க வீட்டுக்கெல்லாம் தெரியுமாக்கா?"

"அதுல ஒருத்தரோட பொண்டாட்டி, எந்தப் பேப்பரையும் நம்பாம தினம் இவளுக்குத்தான் போன் பண்ணிக்கிட்டு இருந்துச்சாம். இன்னைக்கும் பண்ணியிருக்கு. இவ எடுத்ததும், போன அப்படியே அந்த மனுசன் கையில குடுத்துட்டாளாம்."