விடியலுக்குப் போன வெள்ளி

ஐயா, அம்மணி, வில்லியனூர் இரயிலடியில் நான் செவியுற்றதைப் பணிவுடன் எழுதுகிறேன். கணவனைச் சைகோனுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் ஓர் இளம்பெண், தன் மூத்த ஓரகத்தியிடம் கலங்கினாள்.

"அக்கா, அந்தியில வெள்ளியைக் காணோம். அங்கிருந்து அவரும் இங்கிருந்து நானும் அதைப் பாக்கறதா பேச்சு. கோயில்ல சுக்கிரனுக்கு விளக்கு வெச்சும் வரல. அவருக்கு இன்னா ஆச்சோ?"

"அடி பைத்தியமே! அது சூரியனைச் சுத்தற கிரகம்டி. அந்தியில மறைஞ்சா, கொஞ்ச நாள்ல விடியல்ல கெழக்கால வரும். இன்னிக்கு விடியல்ல நடவுக்குப் போறப்ப பாத்தேனே, வந்துடுச்சு!"

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சாலும் அந்தத் தூங்குமூஞ்சி எழுந்திருப்பானா?"

இருவரும் சிரித்தனர். பின்பு இளையவள் மெதுவாகச் சொன்னாள்:

"அது அந்திக்குத் திரும்பற வரைக்கும் விடியல்ல எழுந்து நான் மட்டும் பாக்கறேன்க்கா."

அக்கணவன் ஊர் திரும்பினால் அறியும்பொருட்டு, இக்குறிப்பைப் பத்திரப்படுத்த வேண்டுகிறேன்.