ஆறாம் எண் கணினி, ஆறரை மணி

மாலை ஆறு பத்து. வுனிந்தோங்கோ பள்ளிக்குப் போகும் மண் சாலை. ஒரு பக்கம் தென்னை, மறு பக்கம் சதுப்புக் காடு. ஆள் இல்லை... நாய்கூட இல்லை. ஊரே ஆற்றுக்கு அக்கரையில் நசாவு கிராமத்தில் இருந்தது. அன்று பள்ளிப் பெண் உனைசி செத்து நூறாவது இரவு. மண்ணடுப்பில் பன்றி வேகும் வாசனை ஆறு தாண்டி வந்தது. அந்த வாசனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு மனிதர் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார்.

இனோக்கே மாஸ்டர்.

என் அத்தான் சகியூசாவிடம் அவரே தன் வாயால் சொன்னது இது. கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளுங்கள். யங்கோனா வேர்ச்சாறு ஒரு வாய் உள்ளே போனால்தான் இந்தக் கதை வெளியே வரும்.

மாஸ்டர், சுற்றுவட்டார ஐந்து பள்ளிகளுக்கும் பொதுவான கணினி மையத்தின் பொறுப்பாசிரியர். பொறுப்பாசிரியர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். 'மைய இயக்குநர்.' அப்படி எழுதிய பலகை கதவைவிட அகலம். அது இடிப்பதால் கதவு பாதிதான் திறக்கும். மையத்துக்கு மூன்று திறப்பு விழா நடந்தது. கட்டடத்துக்கு ஒன்று, கூரைமேல் வைத்த இணைய டிஷ்ஷுக்கு ஒன்று, டிஷ் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு ஒன்று. விழாவுக்கு ஒரு பித்தளைத் தகடு வீதம் மூன்று தகடு. மூன்றாவதற்குச் சுவரில் இடம் போதாமல் ஜன்னலை அடைத்துப் பதித்தார்கள். காற்று போனது, பெரிய மனிதர்களின் பெயர் நின்றது.

பத்துக் கணினி. ஓடியது நான்கு. அதில் உருப்படியானது ஆறாம் எண். அதன் விசைப்பலகைமேல் வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மாஸ்டர் எடுக்க விடமாட்டார். உறையோடு தட்டினால் தண்ணீருக்கு அடியில் தட்டுவதுபோலத் தொப்... தொப்... என்று கேட்கும்.

அறை குறுகல். வாசலை ஒட்டி மாஸ்டரின் மேஜை, அதற்கு நேர் எதிரே அந்த மூன்றாவது தகடு. கணினிப் பக்கம் போக வேண்டுமானால் அவர் நாற்காலிக்கும் பின்சுவருக்கும் நடுவே நுழைந்துதான் போக வேண்டும். பெரியவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்குப் பின்னால் நம் வீட்டுப் பிள்ளைகள் எப்படிப் போகும்? முதுகை வளைத்து, பின்னால் போவதற்கு மன்னிப்பாக, "துலோ... துலோ..." என்று முனகிக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு நூறு துலோ மாஸ்டரின் பிடரியில் விழும். அவருக்கு அது மாலை விழுவது மாதிரி.

உனைசி பன்னிரண்டாம் வகுப்பு. அவள் ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே ஆறு, ஆற்றுக்குப் பாலம் இல்லை. கடல் ஏறினால் ஆறும் ஏறும். அதையே அவள் புவியியல் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டாள். தினம் போகும்போதும் வரும்போதும் ஆழம் குறித்தாள். அளவுகோல் அவள் உடம்புதான். கணுக்கால். முழங்கால். இடுப்பு. மார்பு. நோட்டு நிறைந்துவிட்டது. கணினியில் ஏற்றி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் மதிப்பெண் உண்டு, சுவா நகரத்தில் மேல்படிப்பு உண்டு. அனுப்பாவிட்டால் இரண்டும் இல்லை. வேண்டியது ஒரு மணி நேரம்.

பெயர் கொடுத்தாள். நான்கு முறை தள்ளிப்போனது. ஆறாம் எண், ஆறரை மணி. முதல் முறை, நன்கொடை கொடுத்தவர்கள் படம் எடுக்க வந்தார்கள். உனைசியின் சீருடை ஆற்றுச் சேற்றோடு இருந்ததால் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார் மாஸ்டர். இரண்டாம் முறை, பள்ளி ஆய்வாளர் ஐயாவுக்கு அதில் ரக்பி ஆட்டம் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை, வரவேற்புப் பாட்டுக்கு ஒத்திகை. நான்காம் முறை மாஸ்டரே உட்கார்ந்திருந்தார். மேலிடத்துக்கு அனுப்ப ஒரு படக்காட்சி தயாரித்துக்கொண்டிருந்தார். அதன் தலைப்பு 'மாணவருக்கே முதலிடம்.'

அன்று அவள் படிக்கட்டில் ஏழரை வரை காத்திருந்தாள். "நாளைக்கு வா" என்றார். போனாள். கடல் ஏறுகிற நேரம்... நோட்டு கிடைத்தது. அவள் கிடைக்க இரண்டு நாள் ஆனது.

அது நடந்து நூறு நாள். மையம் பெருக்கும் லொசானா சாயங்காலம் நாலு மணிக்கே சொல்லிப் பார்த்தாள்.

"மாஸ்டர், துக்கம் எறக்குற ராத்திரி. ஒரு எட்டு வந்து தலையக் காட்டிட்டுப் போங்க."

"நாளைக்குக் குழு வருது லொசானா. தலைக்கு மேல வேலை."

"இருந்தப்பவும் அவளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கல. செத்தப்புறமும் இல்லையா?"

"பெருக்குறவளுக்கு வாய் ரொம்ப நீளம்."

"நீளந்தான். உங்க பலகை அளவுக்கு இல்ல."

வேலை இருந்தது உண்மை. 'சிறந்த பகிர்வு மையம்' என்று ஒரு விருது. கூடவே, எல்லா மையங்களுக்கும் மேலதிகாரியாகச் சுவாவில் ஒரு நாற்காலி. குழு பார்க்கப்போவது ஒன்றைத்தான், முறைப் புத்தகம். பெயர் கொடுத்தவர் எல்லாருக்கும் முறை கிடைத்திருக்க வேண்டும். எல்லா வரிக்கும் நேரே குறி இருந்தது. ஒரே ஒரு வரியில் இல்லை. உனைசி, நசாவு, ஆறாம் எண். பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றால் பக்கங்களுக்கு எண் போட்டுத் துறையின் முத்திரை குத்தியிருந்தது.

அதற்குத்தான் அந்தச் சாலையில் அந்த நேரத்தில் நடந்தார்.

கதவைத் திறந்தார். பாதி திறந்தது. விளக்கைப் போட்டார். மேஜையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்தார். 'முறை பெற்றார்' என்ற இடத்தில் குறி போட்டார். கையெழுத்து இடத்தில் பெண்பிள்ளை எழுத்தாக வளைத்து 'உனைசி' என்று போட்டார். நேரம், ஆறரை முதல் ஏழரை. தேதி...

கைப்பழக்கம் பாருங்கள். அன்றைய தேதியைப் போட்டுவிட்டார்.

அடடா என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அடிக்கப் போனார். அடித்தல் திருத்தல் கூடாது என்பது அவர் சுவரில் ஒட்டியிருந்த பதினான்கு விதிகளில் நாலாவது. பேனாவைத் தூக்கிக்கொண்டே யோசித்தார். சுவர்க் கடிகாரம் ஆறரைக்கு வந்தது.

வாசலில் மரப்படி கிரீச்சிட்டது. பாதிக் கதவு மெல்ல அசைந்தது. முதலில் வாசனை... ஆற்றுச் சேறு. நனைந்த பருத்தித் துணி. அதற்குள்ளே கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

பிறகு நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே, பிடரிக்குப் பின்னால், தாழ்ந்த குரல்.

"துலோ... துலோ..."

என்ன அசேரி, எலியா இருக்கும்ங்கிறியா? எலி துலோ சொல்லுமா? சிரிக்காதீர்கள். மாஸ்டர் எத்தனை கிண்ணம் குடித்திருந்தார் என்று சகியூசா அத்தானும் கேட்டார். ஒன்றுகூட இல்லை. அதுதான் வம்பே.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. எதிரே ஜன்னலை அடைத்த பித்தளைத் தகடு. குழு வருகிறது என்று லொசானா அன்றுதான் பளபளவென்று துலக்கியிருந்தாள். பெரிய மனிதர்களின் பெயர்களுக்கு நடுவே அறை மங்கலாகத் தெரிந்தது. ஆறாம் எண் நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது. நின்றது. ஆள் இல்லை... ஆனால் இருக்கை மெத்தை அழுந்தியிருந்தது.

கணினி விழித்தது. தகட்டில் நீல வெளிச்சம்.

தொப். தொப். தொப்.

நின்றது. பிறகு சரசரவென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் உரிக்கிற சத்தம். உறை தரையில் விழுந்தது. அதற்கப்புறம் விசைகள் தெளிவாகக் கேட்டன. டக் டக் டக் டக்... நிறுத்தாமல். நேரமில்லாதவர் தட்டுகிற தட்டு.

ஓடியிருக்கலாமே என்பீர்கள். ஒன்பதாம் விதி என்ன தெரியுமா? பயன்படுத்துவோர் இருக்கையில் இருக்கும்வரை இயக்குநர் இடத்தை விட்டு எழக்கூடாது. விதி எழுதிய நாளிலிருந்து அதை அவர் கடைப்பிடித்தது அன்றைக்குத்தான்.

ஒரு மணி நேரம். கால் மாற்றி உட்காரவும் பயம். பேனா மூடியைக் கழற்றுவார், போடுவார். கழற்றுவார், போடுவார். விரல் எண்ணுவார். அக்கரையிலிருந்து விருந்துப் பாட்டு காற்றில் வந்து வந்து போனது. இங்கே டக் டக் டக். இடையிடையே சொட்டு... சொட்டு... நாற்காலியின் கீழே ஏதோ சொட்டியது.

ஏழு இருபத்தொன்பது. சத்தம் நின்றது. பிரிண்டர் உறுமியது. அதில் மை தீர்ந்து ஐந்து மாதம். ஒரு தாள் வந்தது. அது மேஜையில் வந்து விழுந்ததா, வைக்கப்பட்டதா... மாஸ்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணெதிரே இருந்தது.

அட்டவணை. தேதி, நேரம், ஆழம். சுத்தமான வேலை. கணுக்கால். முழங்கால். முழங்கால். இடுப்பு. மார்பு. இடுப்பு. பக்கத்தின் கீழே நூறு நாளைக்கு முந்தைய தேதி. காலை, முழங்கால். இரவு ஏழு ஐம்பது...

'தலைக்கு மேல்.'

அந்த வரி நோட்டில் இல்லை. நோட்டை மாஸ்டர் பார்த்திருக்கிறார்.

அதற்கும் கீழே இன்னொரு வரி. அன்றைய தேதி. ஏழரை மணி. 'கணுக்கால்.'

மாஸ்டர் குனிந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது. ஆனால் காலணிக்குள் இரண்டு பாதமும் சில்லென்று... கணுக்கால் எலும்புவரை காலுறை ஈரம்.

பிடரிக்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி வாசல் பக்கமாகக் கடந்தது. "துலோ..."

மறுநாள் குழு வந்தது. மாலை, பாட்டு, பேச்சு. தலைவர் முறைப் புத்தகத்தைப் புரட்டினார். தேதியைப் பார்த்தாரா என்றால், பெரிய மனிதர்கள் குறியைத்தான் பார்ப்பார்கள். மேஜையில் கிடந்த தாளைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பி, "அருமையான களப்பணி, இதுதான் நமக்கு வேணும்" என்றார். படித்தாரா என்றால், அதுவும் இல்லை. சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வுத் துறையிலிருந்து கடிதம். உனைசியின் செயல்திட்டம் ஏழு இருபத்தொன்பதுக்கு வந்து சேர்ந்ததாம். தொண்ணூற்றாறு மதிப்பெண். தாமதத்துக்காக ஐந்து கழித்துத் தொண்ணூற்றொன்று.

லொசானா அதைப் படித்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "செத்து வந்து எழுதினவளுக்கும் லேட்டுன்னு வெட்டிட்டானுங்க." அப்புறம் கடிதத்தை மடித்து மார்பில் செருகிக்கொண்டு ஆறு தாண்டிப் போனாள், உனைசியின் அம்மாவிடம் கொடுக்க. அதற்குப் போக வேண்டியது மாஸ்டர்தான். அவர் போகவில்லை. அவருக்குச் சுவாவுக்கு மூட்டை கட்டுகிற வேலை.

விருது கிடைத்தது, நாற்காலியும் கிடைத்தது. நாலாவது மாடி. பெரிய பலகை. சகியூசா அத்தானுக்கு அடுத்த மேஜை. வந்த முதல் வேலையாக மாஸ்டர் நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டார். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையாது. யாரும் பின்னால் போக முடியாது. எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருநாள் மழைக்கு நின்ற அத்தான் ஆறரை மணி வரை அலுவலகத்தில் இருந்துவிட்டார். அறையில் இரண்டே பேர். மாஸ்டர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுகிறார், போடுகிறார். அப்போது கேட்டதாம், பெண்பிள்ளைக் குரல், ரொம்பத் தாழ்வாக. முதுகுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து.

"துலோ..."

அன்றைக்குத்தான் மாஸ்டர் அவரிடம் எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தார் அத்தான். காய்ந்த சுண்ணாம்பு.

சுவாவில் எப்போதும் மழைதானே என்று நானும் சொன்னேன். அடுத்த மாதம் இடுப்பு வரை நனைந்திருந்தது. அதற்கடுத்த மாதம் சட்டையின் நெஞ்சுப் பை வரை. "ஊருக்குப் போய் அந்தத் தாய்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க மாஸ்டர்" என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். "கூட்டம் இருக்கு சகியூசா. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாராம்.

இன்று காலை அத்தான் போன் பண்ணினார்.

காலர் நனைந்திருக்கிறதாம்.