சப்ளை ஒபிசர்

— ஒபிசர் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?

— தரகர் கிறகோரியர்தான். இந்த விறாந்தையிலை, நீங்கள் இருக்கிற அதே கதிரையிலை இருந்து சொன்னவர். "மாப்பிளை சிமியோன் சவூதிப் பாலைவனத்திலை அமெரிக்கன் பட்டாளத்துக்குச் சப்ளை ஒபிசர். அவர் தலையாட்டாமல் அங்கை ஒருத்தற்றை வயிறும் நிறையாது." அப்பாவுக்கு அதைக் கேட்டே வயிறு நிறைஞ்சிட்டுது.

— மாதாவே! கேளும் ஸ்ரெல்லா, உம்முடைய அப்பா வரமுதல் நான் ஒரு விசயம் சொல்லிப்போடவேணும். அவர் எங்கை போட்டார்?

— சுவாமியாரிட்டை. வாற ஞாயிறு பூசையிலை எங்கடை ரெண்டு பேற்றையும் பேர் வாசிக்கச் சொல்லிக் கேக்கப் போட்டார். ஆறுதலாய்ச் சொல்லுங்கோ. சாமான் தடையாலை ரியூப் இல்லாத சயிக்கிள், ரயருக்குள்ளை வைக்கல் அடைஞ்சுதான் ஓடுறார். திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டவே நேரமெடுக்கும்.

— அப்ப நேராய்ச் சொல்லுறன். நான் ஒபிசர் இல்லை. குசினிக்காரன்.

— ஓகோ.

— குசினிக்காரனிலையும் பெரிய குசினிக்காரன் இல்லை. முட்டை உடைக்கிறவன்.

— முட்டையோ?

— ஓம். விடியக்காலமை ஆயிரத்தைஞ்ஞூறு முட்டை. ரெண்டு கையாலையும் உடைப்பன், ஒரு கோது உள்ளுக்கை விழாது. ஆனால் மணல் விழும். அது ஆராலும் தடுக்கேலாது. சோத்துக்கை மணல், பல்லுக்கை மணல், செபமாலைக் கொட்டைக்கை மணல். முதல் கிழமை சிப்பாய்மாருக்குக் கோவம் வந்தது. பிறகு மணல் இல்லாத முட்டை வந்தால் அவங்களுக்குச் சந்தேகம் வந்திடும்.

— சிரிக்க வைக்காதேங்கோ. உள்ளுக்கை மக்டலீன் அக்கா வடை சுட்டுக்கொண்டு காதை இஞ்சை வைச்சிருக்கிறா. நீங்கள் எப்பிடி அந்த முட்டைக்குப் போய்ச் சேந்தனீங்கள்?

— எங்கடை குருநகரிலை சண்டையாலை கடலுக்குப் போக விடேல்லை. வலையை வீட்டு வளையிலை கட்டித் தொங்கவிட்டுட்டு எண்பத்தொன்பதிலை ஏஜென்சி பிடிச்சுப் போனன். ஹோட்டல் வேலை எண்டான். ஹோட்டல்தான், ஆனால் ஒரு வரியத்தாலை குவைத்துப் பிரச்சினை வந்திட்டுது. எங்கடை கொம்பனிக்குப் பட்டாளத்துக்குச் சமைக்கிற கொந்திராத்துக் கிடைச்சுது. எங்களை லொறியிலை ஏத்தி மணலுக்கை கொண்டுபோய் இறக்கினாங்கள். சுத்திவர ஒரு மரம் இல்லை. ஒரு காகம் இல்லை, ஸ்ரெல்லா! காகம் கத்தாமல் எப்பிடி விடியும்?

— பிறகு?

— பிறகென்ன, பழகிப்போச்சு. பன்ரண்டு பேருக்கு ஒரு கூடாரம். தண்ணிப் போத்தலை வெளியிலை வைச்சால் தேயிலை போடலாம், அவ்வளவு சூடு. சப்பாத்துப் போட முதல் கவிட்டுத் தட்டவேணும், தேள் இருக்கும். எங்கடை கூடாரத்துக்குப் பக்கத்திலை பொம்பிளைச் சிப்பாய்மார். அதிலை ஒருத்தி பத்துச் சில்லு லொறி ஓடுறவள்.

— பத்துச் சில்லோ! எனக்கு ரெண்டு சில்லிலை ஏற அப்பாவோடை ஒரு வரியம் சண்டை பிடிக்கவேண்டி இருந்தது. அவள் எப்பிடி, நல்லாய் ஓடுவாளோ?

— ஒருக்கால் எங்கடை குசினிக் கூடாரத்துக்குள்ளாலை ஓடினவள். மற்றும்படி நல்லாய் ஓடுவாள்.

— அந்தப் பிழையை உங்கடை கணக்கிலை எழுதிவிட்டாங்களோ?

— இல்லை இல்லை. என்ரை பேர் கெட்டது ஒடியல் மாவாலை.

— ஒடியல் மாவோ?

— ஓம். தை மாசம், சண்டை தொடங்கப்போற நேரம். நச்சுப் புகை அடிப்பாங்கள் எண்டு எல்லாருக்கும் முகமூடி தந்து, ஒரு நாளைக்கு நாலு தரம் சங்கு ஊதிப் பழக்குறாங்கள். அந்த நேரம் பாத்து அம்மா அனுப்பின பார்சல் வந்து சேந்துது. ஒரு பால்மாப் பேணி நிறையப் பனங்கிழங்கு இடிச்ச ஒடியல் மா.

— அந்த வெய்யிலுக்கு மெழுகு உருகேல்லையோ?

— உருகித்தான் கிடந்தது. மா கொஞ்சம் கசிஞ்சு பார்சலெல்லாம் பூசி இருந்தது. சோதிக்கிற சிப்பாய் அதைப் பாத்தான். மூக்காலை மணந்து பாத்தான். ஒடியல் மாவின்ரை மணம் உமக்குத் தெரியுந்தானே? பேணியை மேசையிலை வைச்சிட்டுப் பின்னாலை நடந்தான். அடுத்த நிமிசம் சங்கு.

— ஐயோ!

— முழு முகாமும் முகமூடியோடை கிடங்குக்குள்ளை. எங்கடை சார்ஜன்ற் மோரிஸ், ஆறடி மூண்டங்குல மனிசன், முகமூடிக்குள்ளாலை கத்துறார்: "சிமியோன், இது என்ன?" எனக்கு ஒடியலுக்கு இங்கிலிசு தெரியாது. பனை எண்டன், கிழங்கு எண்டன். ஒருத்தரும் நம்பேல்லை. எனக்கும் ரோசம் வந்திட்டுது. முகமூடியைக் கழட்டி எறிஞ்சிட்டு, ஒரு பிடி அள்ளி வாயிலை போட்டு விழுங்கிக் காட்டினன்.

— பச்சை மாவையோ? உங்களுக்கென்ன விசரே? ஊறவைச்சுக் கயர் எடுக்காமல் திண்டால் தலை சுத்துமெல்லே!

— அதுதான் சுத்தினது. முதல் கொஞ்ச நேரம் சிரிச்சுக்கொண்டு நிண்டன். பிறகு சார்ஜன்ற் ரெண்டாய்த் தெரிஞ்சார். அப்பிடியே குந்திப்போனன். எல்லாரும் கண்ணாலை கண்ட சாட்சி! வைத்தியக்காரன் பாய்ஞ்சு வந்து, களிசானுக்கு மேலாலையே தொடையிலை ஒரு ஊசி குத்தினான். நஞ்சு முறிக்கிற ஊசி.

— நஞ்சு இல்லாதவனுக்கு நஞ்சு முறிக்கிற ஊசி குத்தினால்?

— நாக்கு வறண்டு மரக்கட்டை. நெஞ்சு எஞ்சின் மாதிரி அடிக்குது. ரெண்டு நாள் ஆசுப்பத்திரிக் கூடாரத்திலை கிடந்து பெரிய வெள்ளிப் பாட்டெல்லாம் பாடினனாம். மூண்டாம் நாள் ஆராய்ச்சி முடிஞ்சு, சாப்பாட்டுச் சாமான்தான் எண்டு கடதாசி வந்தது. சார்ஜன்ற் வந்து கட்டிலடியிலை நிண்டு சொன்னார், "சிமியோன், இதைச் சாப்பிடுற முறை ஒண்டு இருக்குமெல்லே. அதைக் காட்டு."

— காட்டினீங்களோ?

— காட்டாமல் விடுவனோ? பேணியிலை வந்த நண்டு, பெட்டியிலை உறைஞ்ச இறால், மலையாளத்துச் சமையல்காரன் தந்த புளி, செத்தல் மிளகாய். பெரிய அண்டாவிலை கூழ் காய்ச்சினன். நாப்பது பேர் வரிசை. சார்ஜன்ற் மூண்டு கோப்பை குடிச்சார். கண்ணாலையும் மூக்காலையும் ஓடுது, துடைக்கிறார், குடிக்கிறார். தன்ரை ஊர் ஆத்துக் கரையாம். தாய் இப்பிடித்தான் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சுவாவாம். அவ செத்து ஆறு வரியமாம். பிறகு கோப்பையைக் கொண்டுபோய்த் தானே கழுவி வைச்சார். சார்ஜன்ற்மார் கோப்பை கழுவுறேல்லை, ஸ்ரெல்லா.

— பயமாய் இருக்கேல்லையோ அங்கை?

— சண்டை தொடங்கினாப் பிறகு இருந்தது. ஆனால் அங்கை ஏவுகணை வரமுதல் சங்கு ஊதுவாங்கள். கிடங்குக்குள்ளை இருந்துகொண்டு இஞ்சையைத்தான் நினைச்சன். இஞ்சை ஆர் ஊதுறது?

— இஞ்சை எங்கடை நாய் ஊதும். பிளேன் வரமுதல் கட்டிலுக்குக் கீழை புகுந்திடும். நாங்கள் அதைக் கண்டவுடனை பங்கருக்கு ஓடுவம். வெறும் கோழியைக் கண்டும் ரெண்டு தரம் ஓடவைச்சது.

— நல்ல நாய். எங்கடை முகாமிலை எண்டால் ஒபிசர் ஆக்கியிருப்பாங்கள். பொறும்... ஸ்ரெல்லா, பொறும். பேணியை மெழுகாலை ஒட்டினது உமக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லேல்லையே.

— நீங்கள் சொல்லேல்லை.

— அப்ப?

— நான்தானே ஒட்டினனான். மா இடிச்சதும் நான்தான். யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டைக்குக் குருநகரை விட்டு ஓடி வந்த நேரம், உங்கடை அம்மாவும் நாங்களும் ஒரே பள்ளிக்கூடத்திலை, ஒரே வகுப்பறையிலை மூண்டு மாசம் இருந்தனாங்கள். அவவுக்கு எழுத்துத் தெரியாது. உங்கடை காயிதமெல்லாம் நான்தான் வாசிச்சுக் காட்டினனான். பிறகு வீடு மாறினாப் பிறகும் என்னட்டைத்தான் கொண்டருவா.

— அப்ப பதில் எழுதினது?

— அவ சொல்லச் சொல்ல எழுதினனான். கொஞ்சம் கூட்டியும் எழுதினனான்.

— "மீசையோடை முகமூடி போட்டால் காத்து உள்ளுக்கை போகுமாம். மீசை வேணுமோ மூச்சு வேணுமோ எண்டு யோசி, மகனே"... அது?

— அது நான்.

— அந்தக் காயிதத்தாலை நான் மீசை வழிச்சனான்! மடத்திலை ஆரோ வயசுபோன சிஸ்டர் எழுதுறா எண்டெல்லோ நினைச்சிருந்தன்!

— வயசுபோன சிஸ்டரோ!

— குறை நினையாதேயும். எழுத்து அவ்வளவு ஒழுங்காய் இருந்தது. அம்மா உம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே!

— நான்தான் சொல்லவேண்டாம் எண்டு கேட்டனான்.

— அப்ப முட்டை உடைச்ச கதை உமக்கு முதலே தெரியும்.

— தெரியும். காகம் இல்லாததும் தெரியும். லொறிக்காரியும் தெரியும். ஊசிக் கதையை மட்டும் அம்மா பயப்பிடுவா எண்டு எழுதாமல் விட்டிட்டியள். அது எனக்குப் புதுசு.

— பிறகேன் என்னை இவ்வளவு நேரம் கதைக்க விட்டனீர்?

— காயிதத்திலை உண்மை எழுதுறது லேசு. கலியாணம் பேச வந்த கதிரையிலை இருந்துகொண்டு நான் முட்டை உடைக்கிறவன் எண்டு சொல்லுவியளோ எண்டு பாக்கவேணும் போலை இருந்தது.

— பாத்தீரோ?

— பாத்தன்.

— அப்ப இன்னொண்டும் சொல்லிவிடுறன். நான் திரும்பிப் போகேல்லை. இஞ்சை கம்பசுக்குக் கிட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போடப்போறன். காலமை முட்டையும் பாணும், சனிக்கிழமையிலை கூழ். உமக்குச் சம்மதமோ?

— மணல் போடாட்டில் சம்மதம்.

— அப்ப சரி! உம்முடைய அப்பா வரட்டும், உள்ளதை உள்ளபடி சொல்லுவன். அவர் மூண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரன், கோவக்காரன் எண்டு தெரியும். எண்டாலும் சொல்லுவன். பேச்சு விழவேண்டியது கிறகோரியருக்குத்தான். மனமறிஞ்சு இப்பிடி ஒரு பொய்!

— கிறகோரியரைப் பேசாதேங்கோ. பாவம், அந்தாள் சொல்லமாட்டன் எண்டுதான் நிண்டவர். "சப்ளை ஒபிசர்" எண்டு நாக்குத் திருந்தவே ரெண்டு நாள் பாடமாக்கினவர்.

— பாடமாக்கினவரோ? அப்ப ஆர் பாடம் குடுத்தது? என்ரை அம்மாவோ?

— அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. தரகர் தானாய்த் தேடி வந்தவர் எண்டு அவவும் நம்பியிருக்கிறா. அப்பாவுக்கு நாளைக்கு நானே உண்மையைச் சொல்லுறன், நீங்கள் பக்கத்திலை நிண்டால் போதும். நீங்கள் ஊருக்கு வாறியள் எண்டு காயிதம் வந்த அண்டைக்குச் சயிக்கிளை எடுத்துக்கொண்டு கிறகோரியற்றை வீட்டுக்குப் போய், உங்களை எனக்குப் பேசச் சொல்லிக் கேட்டதும், அந்தப் பாடம் குடுத்ததும் நான்தான்.