மணிக்கூண்டு வேண்டாமே

அக்கா: இவ்வளவு படி ஏறினா... சுவரா? இதுக்காடா என்னை மூச்சு வாங்க வச்சே?

தம்பி: மேல ஒரு வீடு இருந்துச்சுக்கா. வீட்டை இடிச்சுட்டாங்க. படியை யாரும் கண்டுக்கல. அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கு.

அக்கா: "ஊர்ல என்ன பாத்தே"ன்னு உன் மாமா கேட்டா, சுவர் பாத்தேன்னு சொல்லவா?

தம்பி: குடை ரிப்பேர் கடை பாத்தோமே! அங்க தொங்குறதெல்லாம் திரும்பி வராதவங்களோட குடை...

அக்கா: உலகமே பாக்க வர்ற மணிக்கூண்டு அதோ தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. அந்தப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேங்குற.

தம்பி: கூட்டம்க்கா.

அக்கா: டூரிஸ்ட் கைடு கூட்டத்துக்குப் பயப்படலாமா?

தம்பி: தினமும் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் சலிச்சுப்போச்சு.

அக்கா: சரி, உன்கூட வேலை பாக்குறவங்களையாவது காட்டு.

தம்பி: அவங்க... லீவு.

அக்கா: எல்லாருமா?

தம்பி: வா வா, ரொட்டிக் கடைப் பின்வாசல்ல இந்நேரம் பூனைங்க வரிசை கட்டும்...

அக்கா: டேய், நில்லு. நேத்து சாயங்காலம் ஸ்டேஷன்ல என்னைக் கூப்பிட வந்தியே, நான் மத்தியானமே வந்துட்டேன். திடீர்னு உன் முன்னாடி போய் நிக்கலாம்னு நேரா மணிக்கூண்டுக்குத்தான் போனேன்.

தம்பி: பூனைங்க போயிடும்க்கா, சீக்கிரம் வா...

அக்கா: அங்க கரடி வேஷத்துல ஒருத்தன், வர்றவங்களோட போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தான். அவனைப் பாத்து ஒரு குட்டிப் பொண்ணு அழுதா. உடனே தொப்புனு விழுந்து, எழுந்திருக்க முடியாத மாதிரி நடிச்சான். அவளே கை குடுத்துத் தூக்கிவிட்டுச் சிரிச்சா. அப்புறம் தூணுக்குப் பின்னாடி போய், கரடித் தலையைக் கழட்டி...

தம்பி: போதும்க்கா.

அக்கா: தண்ணி குடிச்சான்.

தம்பி: கைடு வேலைக்கு வெளியூர்க்காரன் வேண்டாம்னுட்டாங்க. அதுக்குள்ள அம்மா நான் கைடுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க.

அக்கா: அப்போ இந்தப் படி, குடை, பூனை எல்லாம்?

தம்பி: வேலை முடிஞ்சு தனியா சுத்தினதுல கண்டுபிடிச்சது. யாருக்காவது காட்டணும்னு ஆசை. நீதான் முதல் ஆளு... அம்மாகிட்ட சொல்லிடுவியா?

அக்கா: பின்ன? வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதே சொல்லுவேன்.

தம்பி: அக்கா, ப்ளீஸ்...

அக்கா: "எங்கெங்கிருந்தோ வர்றவங்க எல்லாம் உன் பிள்ளையோட ஒரு போட்டோ எடுத்துக்க வரிசையில நிக்குறாங்கம்மா"ன்னு.