கழிவு போக மிச்சம்

— எழுபதுக்கு இருபது. அதுதான் உம்மடை புள்ளி, ரவீன். இதுக்கு மேலை ஒண்டும் போட என்னாலை ஏலாது. விளங்குதோ?

— அங்கிள், நான் உங்க மக வினுஷாவைப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்லா. நீங்க என்னைக் காசு மாதிரி புரட்டிப் பாக்கிறீங்களே.

— இந்தக் கணேசலிங்கத்துக்கு வேறை தராசு தெரியாது. நான் சேர்க்கிற பழைய அமெரிக்கச் செப்புச் சதக்காசுக்கு எழுபதுக்கு எப்பிடிப் புள்ளி போடுறனோ, உமக்கும் அப்பிடித்தான். முதல் தேய்மானம் பாக்கிறது. படிப்பு, உத்தியோகம், முகவெட்டு... அறுபது, தாராளமாப் போட்டனான். பிறகு பழுது பாக்கிறது. மலேசியாவிலை, கிள்ளானிலை ஒருக்காக் கலியாணம் எழுதி, அதை முறிச்சுப்போட்டு சிட்னிக்கு வந்திருக்கிறீர். அதுக்குக் கழிவு நாப்பது.

— அதை நானேதானே சொன்னேன் அங்கிள். மறைக்கலையே.

— சொன்னாப் பழுது போயிடுமோ? செம்பிலை ஒருக்காக் கை பட்டாப் பட்டதுதான். நாகேஸ்வரி! தம்பிக்குத் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பும். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்.

— வடை பொரியுது. பொரிஞ்சாப் பிறகு அனுப்புறன். அதுக்குள்ளை உங்கடை அந்தப் பெரிய சதத்தைக் காட்டுங்கோவன். பரமட்டாவிலை காசு சேர்க்கிறவையின்ரை கிளப்பிலை எல்லாற்றை காசுக்கும் இந்தத் தம்பிதானாம் புள்ளி போடுறவர். வினுஷா சொன்னவள்.

— ம்... அதுவும் சரி. இந்தாரும். ஆயிரத்தெண்ணூற்றி மூண்டு. விளிம்பிலை பிடியும், விளிம்பிலை! நிறத்தைப் பாத்தீரோ? அச்சடிச்ச அண்டைக்கு இருந்த சிவப்பு. சாமியறைக்குப் பக்கத்திலை புது லைட் போட்டாப் பிறகுதான் எனக்கே இது தெரிய வந்தது.

— லைட்டா? ...லென்ஸ் இருக்கா அங்கிள்?

— இந்தாரும். முப்பதுக்குக் குறையாது. நீர் முப்பது எண்டு கிளப்பிலை எழும்பி நிண்டு சொன்னீரெண்டா, உம்மடை நாப்பதைப் பற்றி நானும் இருந்து யோசிப்பன். ஆறுதலாப் பாரும்.

— தேய்மானத்தைப் பாத்தா முப்பதுதான். காசுல இருக்கிற பொம்பளையோட தலைமுடி இழையெல்லாம் நல்லா நிக்குது.

— அப்பிடி வாரும்!

— ஆனா கழிவு பதினெட்டு. மிச்சம் பன்னெண்டு.

— என்ன?

— இது பழைய சிவப்பு இல்லலா. இத்தனை வருஷத்துச் செம்பு சாக்லேட் மாதிரி இருக்கணும். இது ரோஸ். யாரோ புளிப்பா எதையோ போட்டுத் தேச்சிருக்காங்க.

— என்ரை வீட்டிலையோ? இந்தப் பெட்டியை என்னைத் தவிர ஒரு குஞ்சு குருமான் தொட்டதில்லை! எழும்பும் கதிரையை விட்டு. நாகேஸ்வரி, வடையும் வேண்டாம்!

— எழுந்துட்டேன். ஆனா பன்னெண்டுதான் அங்கிள். பொண்ணு கிடைக்கும்னு இன்னிக்கு முப்பது சொன்னா, நாளைக்கு நான் வாயைத் திறந்து சொல்ற எதை நீங்க நம்புவீங்க? வினுஷாதான் நம்புவாளா?

— இரும் தம்பி. இஞ்சேருங்கோ, அவர் சரியாத்தான் சொல்லுறார். தைப்பூசத்துக்குக் குத்துவிளக்கு மினுக்கேக்கை அதையும் எடுத்துப் புளி போட்டு மினுக்கினனான். செம்புதானே, கறுத்துப்போய்க் கிடந்தது.

— நாகேஸ்! விசரே உமக்கு?

— கத்தாதையுங்கோ, அடுத்த வீட்டு வெள்ளைக்காரி எட்டிப் பாக்கிறாள். அப்ப அது இப்ப பன்னெண்டோ?

— பன்னெண்டோ? ஆர் சொன்னது? புளி என்ன நஞ்சோ, சாப்பாட்டுச் சாமான்! முகம் அப்பிடியே இருக்கு, வருஷம் அப்பிடியே இருக்கு. காத்துப்படக் காத்துப்பட நிறமும் தன்ரை பாட்டிலை திரும்பி வரும். எப்பவோ ஒருக்கா நடந்த ஒண்டுக்காக நல்ல காசு ஒண்டை ஒதுக்கி வைக்கிறது மகா அநியாயம். விளங்குதோ?

— விளங்குது அங்கிள். அந்தக் கணக்கு எனக்கும் சேருமா?

— முதல் அந்தச் சதத்தை இஞ்சை தாரும்.

— அதுக்கு முதல் மறுமொழியைச் சொல்லுங்கோவன். தம்பி நிண்டுகொண்டெல்லே கேக்கிறார்.

— ஓம். சேரும். கழிவு அஞ்சு. சதத்துக்கும் அஞ்சு, இவருக்கும் அஞ்சு. இரும் தம்பி, கதிரையிலை இரும். நாகேஸ், வினுஷாவைக் கூப்பிடும்.

— கூப்பிடுறன். ஆனா இனி அந்தக் கணக்கை மாத்தப்படாது, சொல்லிப்போட்டன். உங்கடை மற்றப் பெட்டியிலை கிடந்த சதம் முழுக்கக் காலமையிலை இருந்து குசினியிலை அடுப்புக்குப் பக்கத்திலை புளித்தண்ணிக்குள்ளை ஊறுது.